கையில் தந்த துப்பாக்கி

அத்தியாயம் 9

போலீஸ் இலாகாவில் ஆள் சேர்க்கும்போது மார்பளவைத் தவிர வேறு எதையும் அளந்து பார்ப்பதில்லை என்பது சத்தியநேசனின் பழைய அபிப்பிராயம். இன்ஸ்பெக்டர் மத்தியாஸ் துப்பாக்கியை நீட்டிய அழகைப் பார்த்ததும் அந்த அபிப்பிராயம் இன்னும் கெட்டிப்பட்டது. இரட்டைக்குழலின் இரண்டு வாயும் நேராக அவருடைய சட்டையின் மூன்றாவது பொத்தானுக்கு முன்னால் நின்றன.

"இந்தாரும், நல்லாப் பாத்துக்கிடும். கோலப்பனைக் கொன்ன தோக்கு இதுதான்," என்றார் மத்தியாஸ்.

சத்தியநேசன் கையை நீட்டவில்லை. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தார்.

"அதைக் கீழ வையும்."

"என்னது?"

"மேசையில வையும் இன்ஸ்பெக்டரே. குழல் சுவரைப் பாத்து இருக்கட்டும். வச்சிட்டு ரெண்டடி பின்னால போம்."

மத்தியாஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தார். சத்தியநேசன் அருகில் போய், விசைப்பக்கம் விரல் போகாமல் துப்பாக்கியை எடுத்து, மேலிருந்த திறப்புச் சாவியைத் தள்ளி, குழலை மடித்துத் திறந்தார். வெடித்துத் தீர்ந்த காலித் தோட்டா ஒன்று வெளியே வந்தது. கூடவே இன்னொன்றும் வந்து மேசைமேல் உருண்டது. அது காலி இல்லை.

இன்ஸ்பெக்டரின் மீசைக்குக் கீழே உதடு வெளுத்தது. முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து அந்தத் துப்பாக்கி ஸ்டேஷன் மூலையில் சாய்ந்து நிற்கிறது. காலையில் பெருக்க வந்தவள் அதை இரண்டு தடவை நகர்த்திவைத்துப் பெருக்கியிருக்கிறாள்.

"அடுத்த பிரேதத்துக்கு இப்பமே நம்பர் போட்டு வச்சிருவியளா சார், இல்ல வெடிச்ச பொறவுதானா?" என்று கேட்டாள் ஜெபகுமாரி, நோட்டுப் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.

சத்தியநேசன் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். பிறகு கோட்டாற்றில் லைசென்ஸ் வாங்கி அதே தொழிலுக்குக் கடை போட்டார். பழுதான துப்பாக்கிகளுக்குப் பின்னாலேயே பழுதான மனிதர்களும் கடைக்கு வந்து சேர்ந்ததால் துப்பறிவது இரண்டாவது தொழிலாகிவிட்டது. ஜெபகுமாரி அவருடைய காரியதரிசி; டைப்பும் சுருக்கெழுத்தும் தேறிய முப்பது வயதுக்காரி. அவளுடைய வாய்க்குத் தனியாக ஒரு லைசென்ஸ் எடுத்திருக்கவேண்டும் என்று சத்தியநேசன் அடிக்கடி வருத்தப்படுவார்.

"இதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது யாரு?" என்று கேட்டார்.

"எஸ்டேட் முதலாளி நாராயணபெருமாள்தான். ஜீப்புல முன் சீட்டுல வச்சு அவரே கொண்டுவந்தாரு."

"மூடினபடியே, தோட்டாவோடயா?"

"அவரு பெரிய வேட்டைக்காரரு வே. அவருக்குத் தெரியாததா?"

சில பேரைப் பற்றிப் பேசுவதே வாய்க்கு நஷ்டம்.

வழக்கு சின்னது. கீரிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட். அதன் முதலாளி நாராயணபெருமாள். முந்தாநாள் அவர் தங்கை மாப்பிள்ளை கோலப்பனோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனார். துப்பாக்கி சுமந்து கூடப் போனவன் கிருஷ்ணமணி, எஸ்டேட் கூலி. அவர்கள் மூன்று பேர்தான். கோலப்பன் மார்பில் குண்டு பட்டுச் செத்தார். 'கிருஷ்ணமணி துப்பாக்கியை என் கையில் தரும்போது வெடித்தது. போன வாரம் கோலப்பன் அவனைக் கன்னத்தில் அடித்திருந்தார்' என்று முதலாளி வாக்குமூலம் தந்தார். கடைசி வரியை யாரும் கேட்காமலே சேர்த்திருந்தார். விபத்தைக் கொலையாக்க அந்த ஒரு வரி போதும்.

"சாயங்காலம் நாலு மணிக்கு இவனை நாகர்கோவில்ல மாஜிஸ்திரேட்டு முன்ன நிறுத்தணும். நீரு சீக்கிரம் பாத்துட்டுப் போம்," என்றார் மத்தியாஸ்.

"கிருஷ்ணமணி என்ன சொல்லுகான்?"

"அவன் என்னத்தையாவது சொல்லுவான். எழுதிப் பெருவிரல் ரேகை வாங்கியாச்சு."

அவன் சொன்னதையா, இவர் நினைத்ததையா, எதை எழுதினார் என்று சத்தியநேசன் கேட்கவில்லை. விடை மேசைமேல் உருண்ட தோட்டாவிலேயே இருந்தது. பிரேத விசாரணைக் குறிப்பை மட்டும் வாங்கிப் படித்தார். 'வலது உள்ளங்கையில் வெடிமருந்துக் கரி' என்றிருந்தது.

"கோலப்பனுக்க கையில கரி எப்படி வந்தது?"

"வெடிக்கப்போகுதுன்னு தெரிஞ்சு தடுக்கக் கையை நீட்டியிருக்கான்."

"வெடிக்கதுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு. ஜோசியக் குடும்பமா இருக்கும்," என்று ஜெபகுமாரி எழுதிக்கொண்டாள்.

அன்று காலை கடை திறக்குமுன்பே கிருஷ்ணமணியின் மனைவி தாணம்மாள் வந்து வாசலில் நின்றிருந்தாள். தடிக்காரன்கோணம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தவள். அவள் அழவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் மூன்று தடவை சொன்னாள்: "எனக்க மாப்பிளை தோக்கை ஒருத்தருக்க கையிலயும் குடுக்கமாட்டாரு சார். தோட்டாவை உருவி, தொறந்து, துவர்த்தை விரிச்சு அதுமேல வச்சிட்டு மாறி நிப்பாரு. உங்களுக்கே தெரியும்லா?"

சத்தியநேசனுக்குத் தெரியும். பதினேழு வருஷமாக ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கிருஷ்ணமணி அந்தத் துப்பாக்கியை எண்ணெய் போடக் கொண்டுவருவான். வாசலில் நின்றே திறப்பான். தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை மேசையில் விரித்து, குழல் சுவரைப் பார்க்க, பிடிக்கட்டை சத்தியநேசன் பக்கம் இருக்க வைப்பான். இரண்டடி பின்னால் போவான். "எடுக்கலாம் சார்," என்பான். துப்பாக்கியை வாளிபோலத் தூக்கிக்கொண்டு வருகிற பணக்காரர்களிடமெல்லாம் சத்தியநேசன் இவனைத்தான் உதாரணம் காட்டுவார். இந்த வழக்கை எடுத்ததே அதனால்தான்.

இப்போது அவர் அந்த உயிருள்ள தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓய், அது சாட்சிப் பொருள்!" என்றார் மத்தியாஸ்.

"ஆமா. ரெண்டு நாளா உம்ம ஸ்டேஷன்ல என்ன பண்ணிக்கிட்டிருந்ததுன்னு உமக்கு மேல உள்ள பெரிய ஏமான்கிட்டச் சொல்லணும்லா? இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். இப்பமே ஜீப்பை எடும். கிருஷ்ணமணியையும் ஏத்தும். எஸ்டேட்டுக்குப் போயிட்டு நாலு மணிக்குள்ள வந்திரலாம். தோட்டா தானே மேசைக்கு வந்து சேரும்."

மத்தியாஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். சில பேருக்கு நியாயம் புரியாது. பெரிய ஏமான் என்றால் உடனே புரியும்.

எஸ்டேட் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாணம்மாள் எப்படியோ அவர்களுக்கு முன்னாலேயே வந்து முற்றத்தின் ஓரத்தில் நின்றாள். புருஷன் கையில் விலங்கைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முதலாளி அப்போதுதான் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாராயணபெருமாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கழுத்தில் ஒரு விசில். வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போய் ஆறு வருஷமாகியும் அவனுடைய உடுப்பை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். தட்டில் புட்டும் பயறும். அதைக் கரண்டியால் சாப்பிட்டார், அதுவும் இடது கையால்.

"புட்டைக் கரண்டியால திங்கிற மனுஷனை இன்னைக்குத்தான் பாக்கேன் சார்," என்று ஜெபகுமாரி மெதுவாகச் சொன்னாள். "பப்படத்தை எப்படித் திம்பாரு? கத்திரிக்கோலாலயா?"

முதலாளியின் வலது நடுவிரலில் துணிக் கட்டு இருந்தது. சத்தியநேசன் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "ஜீப் கதவுல நசுங்கிட்டு," என்றார் அவர், கேட்காமலே.

"பாத்து இருங்க. ஜீப்பும் பொல்லாத மிருகம்தான்," என்றார் சத்தியநேசன்.

வராந்தாச் சுவரில் ஒரு காட்டெருமைத் தலை. "ஒரே வெடி! எண்பது கெஜம்!" என்றார் முதலாளி. எஸ்டேட்டைத் துரையிடமிருந்து வாங்கும்போது நாற்காலிகளோடு சேர்த்து அந்தத் தலையையும் வாங்கினார் என்பது சத்தியநேசனுக்குத் தெரியும். துரையின் பேர் பொறித்த பித்தளைத் தகட்டைப் பெயர்த்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் அப்படியே இருந்தன. அதை மறைக்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்டவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கிற சர்க்கார், மாட்டு வண்டிக்கு மட்டும் விளக்கு இல்லையென்றால் அபராதம் போடுகிறது.

சாயா வந்தது. இன்ஸ்பெக்டருக்கும் சத்தியநேசனுக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. ஜெபகுமாரிக்குக் கண்ணாடி கிளாஸ். சமையல்காரன் கடைசியாக ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாயா ஊற்றி, கீழ்ப்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். முற்றத்தில் நின்ற கிருஷ்ணமணி அவன் உள்ளே போகும் வரை காத்திருந்தான். பிறகு விலங்கு போட்ட இரண்டு கையாலும் சிரட்டையை எடுத்தான்.

சத்தியநேசன் கோப்பையை வாய்வரை கொண்டுபோனவர், குடிக்காமல் அதைக் கீழே வைத்தார்.

"முதலாளி, நடந்ததை இன்னொருக்கச் சொல்லுங்க. இந்தப் பிள்ளை எழுதிக்கிடும்."

"எத்தனை தடவை வே சொல்லியது? பாறைமேல நான் நிக்கேன். பக்கத்துல கோலப்பன். புதர்ல பன்னி அனங்குது. 'லே, தோக்கைத் தா'ன்னேன். இவன் மூடின தோக்கைக் கொண்டுவந்து எனக்க கையில நீட்டினான். நான் வாங்கக் கையை நீட்டுகேன். எனக்க விரல் படல்ல, கேட்டீரா? படுகதுக்கு முன்ன வெடிச்சாச்சு."

"அவன் கையில இருந்து நீங்க கையில வாங்கப் போனீங்க."

"அதைத்தானே சொல்லுகேன்."

"அவன் எப்பவும் துப்பாக்கியைத் திறந்து கீழ வைக்கிறவன் ஆச்சே? எனக்குக் கடையில பதினேழு வருஷமாத் தெரியும்."

முதலாளி சிரித்தார். "கடையில வைப்பான். காட்டுல பன்னி பாயும்போது துவர்த்தை விரிச்சு சீட்டு விளையாடவா முடியும்? என்னைக்காவது ஒருநாள் தப்பும்லா?"

மத்தியாஸும் சிரித்தார். முதலாளி சிரித்தால் சிரிக்கவேண்டும் என்று அவருக்கு யாரோ பயிற்சி கொடுத்திருந்தார்கள். சத்தியநேசன் இந்த ஒரு துருப்பை நம்பித்தான் மலையேறி வந்திருந்தார். அது இவ்வளவு சுலபமாக வெட்டுப்படும் என்று எதிர்பார்க்கவில்லை. கிருஷ்ணமணியின் ஜாக்கிரதை பதினேழு வருஷம் பழையதாக இருக்கலாம். கோர்ட்டில் ஒரே நாள் தவறினான் என்று சொன்னால் போதும். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது.

அவருடைய கண் மறுபடியும் கீழ்ப்படிக்குப் போனது. குடித்து முடித்த சிரட்டையைக் கிருஷ்ணமணி முற்றத்துத் தண்ணீரில் தானே கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெபகுமாரி, எழுதினதை வாசி," என்றார்.

அவள் வாசித்தாள். 'எனக்க கையில நீட்டினான், நான் வாங்கக் கையை நீட்டுகேன்' என்ற இடத்தை, யாரும் சொல்லாமலே, கொஞ்சம் நிதானமாக வாசித்தாள். முதலாளி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லது. இனி ஒரே ஒரு சின்னச் சோலி. நடந்தது மாதிரி ஒருக்க நடத்திப் பாத்திருவோம். விலங்கைக் கழட்டும் இன்ஸ்பெக்டரே."

சத்தியநேசன் துப்பாக்கியைத் திறந்தார். இரண்டு குழலிலும் ஒன்றுமில்லை என்று இன்ஸ்பெக்டருக்குக் காட்டினார், முதலாளிக்குக் காட்டினார், ஜெபகுமாரிக்குக் காட்டினார். மூடி, முற்றத்துக் கல்மேல் வைத்தார். முதலாளி வராந்தாவின் மேலே, தூணுக்குப் பக்கத்தில், பாறையில் நின்றதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நடிப்பதென்றால் அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தது.

"எடு கிருஷ்ணமணி," என்றார் சத்தியநேசன்.

கிருஷ்ணமணி எடுத்தான். எடுத்த கையோடு சாவியைத் தள்ளித் திறந்தான். தோளைத் தடவினான், துவர்த்து இல்லை, அது ஸ்டேஷனில் இருந்தது. கல்மேலேயே திரும்ப வைக்கக் குனிந்தான்.

"பாத்தேளா நடிப்பை!" என்றார் மத்தியாஸ்.

"வைக்காதே," என்றார் சத்தியநேசன். "முதலாளி வாக்குமூலத்துல உள்ளது மாதிரி செய். மூடு. படியேறிப் போ. அவருக்க கையில குடு."

கிருஷ்ணமணி அவரை நிமிர்ந்து பார்த்தான். ஐம்பது வயது மனிதனின் கண்ணில் அப்போதுதான் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. ஸ்டேஷனில் விலங்கோடு நின்றபோதுகூட அவன் இப்படிப் பார்க்கவில்லை.

"கையிலயா சார்?"

"கையிலதான்."

"அது எப்படி சார்..."

"நான் சொல்லுகேன். போ."

அவன் துப்பாக்கியை மூடினான். குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தான். முதலாளியின் நெற்றி சுருங்கியது. இரண்டாவது படி. முதலாளி ஒரு காலைப் பின்னால் எடுத்தார். மூன்றாவது படியில் நின்று கிருஷ்ணமணி இரண்டு கையாலும் துப்பாக்கியைக் கட்டைப்பக்கமாக நீட்டினான். அதன் கட்டை முதலாளியின் விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

"லேய்!" என்று கத்தினார் நாராயணபெருமாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கேறி வாறியா? ஆருக்க கையில நீட்டுகே? கீழ வையிலே! வச்சிட்டு மாறி நில்லு!"

ஜெபகுமாரியின் பென்சில் காகிதத்தில் ஓடி நின்றது.

"எழுதிட்டேன் சார்," என்றாள். "'கீழ வையிலே, மாறி நில்லு.' ரெண்டும் எழுதிட்டேன்."

முதலாளிக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. "அது... நான் சட்டுன்னு பதறி... வெப்ராளத்துல..."

"வெப்ராளத்துலதான் முதலாளி உள்ளது வெளிய வரும்," என்றார் சத்தியநேசன். அவர் குரலை உயர்த்தவில்லை. இந்த மனிதருக்காகத் தொண்டையைச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. "பன்னி பாயும்போது வராத வெப்ராளமா இப்பம் வந்தது? சரி, நான் சொல்லுகது தப்புன்னா ஒண்ணு செய்யும். கிருஷ்ணமணி அந்தச் சிரட்டையில கொஞ்சம் சாயா எடுத்துத் தருவான். அவன் கையில இருந்து உம்ம கையில வாங்கி ஒரு வாய் குடியும். நான் கேசை விட்டுட்டு இறங்கிப் போறேன்."

தாணம்மாள் கீழ்ப்படிக்கு வந்தாள். சத்தியநேசன் குடிக்காமல் வைத்த கோப்பையை எடுத்து, அதிலிருந்த சாயாவைச் சிரட்டையில் ஊற்றிப் புருஷனிடம் கொடுத்தாள். கிருஷ்ணமணி துப்பாக்கியைத் திறந்து படியில் வைத்துவிட்டுச் சிரட்டையை நீட்டினான்.

நாராயணபெருமாள் சிரட்டையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். வலது கை மெல்ல முன்னால் வந்தது. பாதி தூரம் வந்தது. விரல்கள் மடங்கிக்கொண்டன. கை திரும்பிப் போய்விட்டது. ஒரு பக்கம் ஜெயில், ஒரு பக்கம் ஒரு சிரட்டைச் சாயா. இதில் எதை எடுப்பது என்று தெரியாமல் வியர்த்து நின்ற ஒரு மனிதனைச் சத்தியநேசன் தன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார். சிரிக்கத் தோன்றவில்லை. காறித் துப்பத்தான் தோன்றியது.

"முடியாது. உமக்கு முடியாது," என்றார். "கூலியைப் படியில வீசுவீரு. சாயாவைச் சிரட்டையில வைப்பீரு. இவன் கையில இருந்து ஒரு வெத்திலை வாங்கியிருப்பீரா? அப்பம் துப்பாக்கி மட்டும் எப்படி கையில வாங்கப் போனீரு? அன்னைக்கும் இவன் துவர்த்தை விரிச்சு, திறந்த துப்பாக்கியை வச்சு, தோட்டாவைப் பக்கத்துல வச்சிட்டு விலகிப் போனான். அதுவரைக்கும் ஒரு குத்தமும் இல்ல. பொறவு எடுத்தது நீரு. தோட்டா போட்டது நீரு. மூடினது நீரு. கிருஷ்ணமணி, அப்பம் கோலப்பன் என்ன கேட்டாரு?"

கிருஷ்ணமணி தயங்கினான். "'அத்தான், ஒருக்கத் தாருங்க, நான் ஒரு வெடி வைக்கட்டு'ன்னு கேட்டாரு சார். நான் வேட்டை நாயைப் பிடிச்சிட்டு தள்ளி நின்னேன். முதலாளி விசையில விரலை வச்சிக்கிட்டே குழலை முன்னால நீட்டிக் குடுத்தாரு. அவரு வாங்கக் கையை நீட்டினாரு. வெடிச்சிட்டு. ஏமான்கிட்ட அன்னைக்கே சொன்னேன்."

மத்தியாஸ் பெல்ட்டைச் சரிசெய்தார்.

"அதுதான் உள்ளங்கைக் கரி," என்றார் சத்தியநேசன். "தடுக்க நீட்டின கை இல்ல இன்ஸ்பெக்டரே, வாங்க நீட்டின கை. முதலாளிக்க விரல்ல இருக்கது ஜீப் கதவும் இல்ல. ஒழுங்காப் பிடிக்காத துப்பாக்கி உதைச்சா விசையைச் சுத்தின வளையம் நடுவிரலைத்தான் நசுக்கும். வருஷத்துக்கு நாலு பேரு அந்த விரலோட என் கடைக்கு வருவாங்க. எல்லாரும் கதவுலதான் நசுங்கினதாச் சொல்லுவாங்க." முதலாளி பக்கம் திரும்பினார். "இவன்கிட்டத் தீட்டுப் பாத்த வரைக்கும் ஒரு உயிருக்கும் ஒண்ணும் ஆகல்ல வே. சொந்தக்காரன் கேட்டதும் தூக்கிக் கையில குடுத்தீரு. அவரு போயிட்டாரு."

நாராயணபெருமாள் தூணைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணமணி ஏறி நின்ற படி அது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

"கொல்லணும்னு நினைக்கல்ல வே," என்றார். "அவன் எனக்க தங்கச்சி மாப்பிளைல்லா? தன்னால வெடிச்சுது."

"அது எனக்கும் தெரியும். பொறவு ஏன் இவன் தலையில கட்டினீரு?"

முதலாளி மேலே காட்டெருமைத் தலையைப் பார்த்தார். "முப்பது வருஷமா வேட்டைக்காரன்னு ஊருல பேரு... தோக்கைக் குடுக்கத் தெரியாம மச்சினனைச் சுட்டான்னு சொன்னா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?"

சத்தியநேசனுக்கு அருவருப்பாக இருந்தது. கொலைகாரன் என்றால்கூட ஏதோ ஒரு பெரிய காரியத்துக்குத் துணிந்தான் என்று நினைத்திருக்கலாம். இந்த ஆளோ நாலு பேர் சிரிக்கக்கூடாது என்பதற்காக ஒருவனை ஆயுள் முழுக்க ஜெயிலில் போடத் துணிந்திருக்கிறார். அதுவும் யாரோ சுட்ட மாட்டுத்தலைக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதித்த பேருக்காக.

"எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார் இன்ஸ்பெக்டர் மத்தியாஸ் கம்பீரமாக. கிருஷ்ணமணியிடமிருந்து கழற்றிய விலங்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆமா சார், உங்க ரெண்டாவது தோட்டாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதான் வெடிக்காம இருந்தது," என்றாள் ஜெபகுமாரி.

முதலாளியை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். முன் சீட்டுதான் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. தாணம்மாள் புருஷனின் மணிக்கட்டில் விலங்கு பதிந்த தடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

சாட்சிப் பொருளை ஸ்டேஷனுக்கு எடுத்துப்போகவேண்டும். இன்ஸ்பெக்டர் அதைத் தொட வருவதற்குள் கிருஷ்ணமணி படியிலிருந்து எடுத்துவிட்டான். குழலுக்குள் இன்னொரு தடவை பார்த்தான். தாணம்மாளின் தோளிலிருந்த துணியை வாங்கி முற்றத்துக் கல்மேல் விரித்து, திறந்த துப்பாக்கியை அதன்மேல் வைத்தான். குழல் மதிலைப் பார்த்தது, கட்டை சத்தியநேசனைப் பார்த்தது. இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"எடுக்கலாம் சார்."

சத்தியநேசனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. "பாத்துக்கிடும் இன்ஸ்பெக்டரே, இதுதான் வேலை," என்றார். "பதினேழு வருஷம் என் கடையிலயும் இதே ஜாக்கிரதை. ஒரு நாள் தப்பினதில்லை. என்ன கிருஷ்ணமணி, உனக்கு யாரு இதைப் படிச்சுத் தந்தது?"

கிருஷ்ணமணி சற்று யோசித்தான். பொய் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததுபோல இருந்தது.

"தோட்டாவை உருவுகதும் தொறக்கதும் ஜாக்கிரதைதான் சார். கீழ வைக்கது அப்படி இல்ல."

"பின்னே?"

"கடையில நான் முதல் தடவை வந்தப்பம் கையில தரத்தான் நின்னேன். நீங்க கையை நீட்டல்ல. மேசையைக் காட்டினிய. அதுக்குப் பொறவு நானும் நீட்டல்ல."

ஜெபகுமாரி ஏதாவது சொல்வாள் என்று சத்தியநேசன் எதிர்பார்த்தார். அவள் நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அந்த முதல் நாளை நினைத்துப் பார்க்க முயன்றார். எந்த மேசை, எந்த மழை, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லாத ஒன்றைக் கிருஷ்ணமணி பதினேழு வருஷம் மறக்கவில்லை. ஏன் கையை நீட்டவில்லை? துப்பாக்கிக்காரனின் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையில் இன்ஸ்பெக்டரிடமும் அப்படித்தானே சொன்னார்? ஆனால் இன்ஸ்பெக்டர் நீட்டியது குழலை. அன்று கிருஷ்ணமணி நீட்டியது எதை என்று அவர் பார்த்தாரா? பார்க்கவில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்லியது. காதுமடல் வரை சூடு ஏறியது. அன்று காலையிலிருந்து எத்தனை பேரை எத்தனை கேவலமாக நினைத்தோம் என்று எண்ணிப் பார்த்தார். அந்த வரிசையில் ஒருவர் குறைந்திருந்தார். அது அவரேதான்.

கல்லைச் சுற்றிக்கொண்டு போய்க் கிருஷ்ணமணிக்கு நேராக நின்றார்.

"எடுத்துத் தாருங்க," என்றார்.

"சார்?"

"கையில தாருங்க."

கிருஷ்ணமணி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து துப்பாக்கியை எடுத்தார். அது திறந்தேதான் இருந்தது. இரண்டு குழலையும் சத்தியநேசனின் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு வட்டமாக வானம் தெரிந்தது.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, கட்டையை முன்னால் நீட்டினார். சத்தியநேசன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அவருடைய விரல்கள் அந்த விரல்களின் மேல் பட்டன. கிருஷ்ணமணி பிடியை விடவில்லை.

"பிடிச்சியளா?"

"பிடிச்சேன்," என்றார் சத்தியநேசன்.

அதற்குப் பிறகுதான் கிருஷ்ணமணி கையை விட்டார்.